பழைய எம்எக்ஸ்-5க்குப் புது ஸ்ப்ரிங்: அசல் உயரமா, இறக்கின செட்டா?

#1 கரிச்சான் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் நண்பர்களே. என்னிடம் இருப்பது முதல் தலைமுறை மஸ்தா எம்எக்ஸ்-5 (கூரை மடக்கும் சிறு ஸ்போர்ட்ஸ் வண்டி), 1.6 லிட்டர், 1991 மாடல். வாங்கி மூன்று வருடம் ஆகிறது. இன்ஜின், கியர்பாக்ஸ், பிரேக் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்துவிட்டேன். மிச்சம் இருப்பது சஸ்பென்ஷன்தான். நான்கு ஸ்ப்ரிங்குகளும் தொழிற்சாலையில் போட்டவை என்றே நினைக்கிறேன். பெயின்ட் உரிந்து துரு ஏறியிருக்கிறது. ஷாக்குகள் (ஸ்ப்ரிங்கின் ஆட்டத்தை அடக்கும் பாகங்கள்) எப்போது மாற்றப்பட்டன என்பதற்குப் பழைய ரசீது எதிலும் குறிப்பு இல்லை.

வண்டி இடது பின்பக்கம் உட்கார்ந்திருப்பது கண்ணுக்கே தெரிகிறது. வீட்டு வாசலில் நிறுத்தி, வீலின் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்தேன். முன் இடது 344 மி.மீ., முன் வலது 353, பின் இடது 341, பின் வலது 355.

ஒரு பட்டறையில் காட்டினேன். பின் இடது ஸ்ப்ரிங் தளர்ந்துவிட்டது, மற்ற மூன்றிலும் அரைச் சுற்று அறுத்துவிட்டால் எல்லாம் சமமாகிவிடும் என்றார்கள். மனம் ஒப்பவில்லை, திரும்பி வந்துவிட்டேன்.

வேகமாக ஒரு பள்ளத்தைத் தாண்டினால் இரண்டு மூன்று முறை ஆடி அடங்குகிறது, சில சமயம் 'டொக்' என்று அடிக்கிறது. ஸ்ப்ரிங் வயதாகி மென்மையாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். வார இறுதியில் வளைவுகள் நிறைந்த சாலைகளில் ஓட்டுவதற்குத்தான் இந்த வண்டி. ரேஸ் டிராக்குக்கு வருடத்தில் ஒருமுறை போனாலே அதிகம். அசல் உயரத்துக்கே புது ஸ்ப்ரிங் வாங்குவதா, 30 மி.மீ. இறக்கும் செட் வாங்குவதா? பார்க்க அழகாக இருக்கும் என்பதும் மனதில் இருக்கிறது, மறைக்கவில்லை.

#2 நாலாம்கியர்

இறக்கும் செட்டையே வாங்குங்கள். ஐபாக், எச் அண்ட் ஆர் என்ற இரண்டு ஸ்ப்ரிங் நிறுவனங்களிலும் இந்த வண்டிக்கு உண்டு. நான் இதே வண்டியைப் பல வருடம் 30 மி.மீ. இறக்கி ஓட்டியிருக்கிறேன். ஸ்டீயரிங் திருப்பியவுடன் முன்பக்கம் கேட்கிற விதமே வேறு. அசல் உயரத்தில் அந்த வண்டி வளைவில் படகு போலச் சாயும்.

#3 மழைமேகம்

கரிச்சான், அறுக்கச் சொன்ன இடத்திலிருந்து திரும்பி வந்தது நல்ல முடிவு. நான் இருபது வருடத்துக்கும் மேலாக ஸ்பேனர் பிடிக்கிறவள். பழைய வண்டிகளில் சஸ்பென்ஷன் வேலைதான் எனக்குப் பிடித்தது.

எதை வாங்குவது என்பது அப்புறம். உங்கள் அளவுகளில் எனக்கு ஒரு சந்தேகம். முன்பக்கம் இடது வலது வித்தியாசம் 9, பின்பக்கம் 14. பாடி என்பது ஒரே இறுக்கமான பெட்டி. சமதரையில் நான்கு வீலும் ஒரே உயரத்தில் நிற்கும்போது அது ஒரு பக்கம் சாய்ந்தால், முன்னாலும் பின்னாலும் ஏறக்குறைய ஒரே அளவுதான் சாய முடியும். கூரை இல்லாத வண்டி கொஞ்சம் முறுக்கிக்கொடுக்கும் என்றாலும், சும்மா நிற்கும்போது 5 மி.மீ. அளவுக்கு அல்ல. அதனால் அந்த 5 மி.மீ. உங்கள் வாசல் தரையிலிருந்து வந்திருக்கலாம். என்றோ அடிபட்டுச் சரிசெய்த மட்கார்டாகவும் இருக்கலாம்.

சக்கரக் கோணங்களைச் சரிசெய்யும் அலைன்மென்ட் மேடை உள்ள இடத்தில் நிறுத்தி மறுபடி அளந்து பாருங்கள். அதற்கு முன் நான்கு டயரிலும் காற்று சரியாக இருக்கட்டும், டிக்கியில் சாமான் வேண்டாம், டேங்க் பாதி இருந்தால் போதும். அளப்பதற்கு முன் வண்டியைச் சில மீட்டர் முன்னும் பின்னும் உருட்டுங்கள். ஜாக்கியிலிருந்து இறக்கிய உடனே அளந்தால் டயர் பக்கவாட்டில் நகராமல் பிடித்துக்கொள்ளும், உயரம் பொய் சொல்லும்.

இன்னொன்றும் மனதில் இருக்கட்டும். ஒரு மூலை தாழ்ந்திருப்பதால் அந்த மூலை ஸ்ப்ரிங்தான் கெட்டது என்று ஆகிவிடாது. நாற்காலியின் ஒரு கால் குட்டையானால் எது குட்டை என்று உட்கார்ந்து பார்த்து மட்டும் சொல்ல முடியாதே, அதுபோலத்தான்.

#4 சுருள்வில்

ஸ்ப்ரிங் செய்யும் ஆலையில் 18 வருடம் வேலை பார்த்தவன் என்பதால் இந்த இழையைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

'ஸ்ப்ரிங் மென்மையாகிவிட்டது' என்பது எல்லோரும் சொல்வது, ஆனால் உண்மையில் நடப்பது அதுவல்ல. ஸ்ப்ரிங்கின் விறைப்பைத் தீர்மானிப்பவை நான்கே விஷயங்கள்: எஃகின் முறுக்கு நெகிழ்வுக் கெழு, கம்பியின் தடிமன், சுற்றின் விட்டம், வேலை செய்யும் சுற்றுகளின் எண்ணிக்கை. ஸ்ப்ரிங் எஃகுக்கு அந்தக் கெழு சதுர மி.மீ.க்கு ஏறக்குறைய 79,000 நியூட்டன். முப்பது வருடம் ஓடினாலும் அது மாறாது. கம்பியும் சுற்றும் அப்படியே இருக்கும் வரை விறைப்பும் அப்படியேதான் இருக்கும். மாறுவது நீளம். வருடக்கணக்கில் பாரம் தாங்கித் தாங்கி, எஃகு மீண்டு வராத அளவில் மிகச் சிறிது வளைந்து, ஸ்ப்ரிங் குட்டையாகிறது. வண்டி தாழ்கிறது, அவ்வளவுதான்.

நல்ல ஆலையில் இதற்காகவே ஒரு வேலை செய்வார்கள். சுற்றி முடித்து வெப்பப் பதனம் செய்த ஸ்ப்ரிங்கை, சுற்றுகள் ஒன்றோடொன்று முட்டும் அளவுக்கு அழுத்தி விடுவார்கள். பின்னால் குறைய வேண்டிய நீளத்தில் பெரும்பகுதி அங்கேயே குறைந்துவிடும். அதோடு சிறு எஃகு குண்டுகளை வேகமாக அடித்து மேற்பரப்பை இறுக்குவார்கள். வெடிப்பு மேற்பரப்பில்தான் தொடங்கும் என்பதால் இது ஆயுளைப் பல மடங்கு கூட்டும். மலிவு ஸ்ப்ரிங்கில் இந்த இரண்டில் ஒன்று குறைந்திருக்கும். ஆறே மாதத்தில் 15 மி.மீ. உட்கார்ந்துவிடும்.

அறுப்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வேலை செய்யும் சுற்று ஆறு இருக்கும் ஸ்ப்ரிங்கில் ஒன்றை அறுத்தால் விறைப்பு 20 சதவீதம் கூடும். உயரமும் குறையும். ஆக, உயரம் ஒன்று, விறைப்பு இன்னொன்று என்று நான்கு மூலைக்கும் நான்கு விதமாகிவிடும். ஸ்ப்ரிங் நுனி உட்காரும் இருக்கை, அந்த நுனியின் வடிவத்துக்கென்றே செய்தது. அறுத்த நுனி அதில் உட்காராது. அறுக்கும்போது சூடேறினால் அந்த இடத்தில் எஃகின் பதமும் போய்விடும்.

#5 கரிச்சான்

இவ்வளவு பொறுமையாக விளக்கியதற்கு இருவருக்கும் மிக்க நன்றி. இன்று அலைன்மென்ட் மேடையில் நிறுத்தி, உருட்டி, மறுபடி அளந்தேன். முன் இடது 346, முன் வலது 357, பின் இடது 345, பின் வலது 356. மழைமேகம் அக்கா சொன்னபடியே முன்னால் 11, பின்னால் 11. என் வாசல்தான் சாய்ந்திருக்கிறது.

அப்படியானால் இடது பக்கம் இரண்டும் தளர்ந்துவிட்டனவா?

#6 மழைமேகம்

இரண்டாகவும் இருக்கலாம், இரண்டில் ஒன்றாகவும் இருக்கலாம். உயரத்தை வைத்து அதற்கு மேல் சொல்ல முடியாது. நான்கு மூலைக்கும் தனித்தனித் தராசு இருந்தால் தெரியும். குட்டையான ஸ்ப்ரிங் உள்ள மூலையிலும் அதன் எதிர்மூலையிலும் பாரம் குறைந்திருக்கும். மற்ற இரண்டில் கூடியிருக்கும். தராசு இல்லையென்றால் கழற்றி மேசை மேல் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துங்கள். எப்படியும் கழற்றத்தான் போகிறீர்கள்.

ஆனால் எதையும் ஆர்டர் போடுவதற்கு முன் ஒரு வேலை. இந்த வண்டியில் கேம்பரும் (சக்கரம் உள்ளோ வெளியோ சாய்ந்து நிற்கும் கோணம்) டோவும் (சக்கரம் உள்ளோ வெளியோ திரும்பி நிற்கும் கோணம்) மாற்றுவது, சக்கரத்தைப் பாடியோடு இணைக்கும் கீழ் ஆம்களின் உள்முனையில் இருக்கும் மையம் விலகிய கேம் போல்ட்டுகளால்தான், நான்கு மூலையிலும். இவ்வளவு பழைய வண்டியில் அந்த போல்ட், ஆம் முனையில் உள்ள ரப்பர் உருளையான புஷ்ஷின் உள்ளே இருக்கும் இரும்புக் குழாயோடு துருவில் ஒட்டிப்போயிருக்கும். ஒட்டியிருந்தால் எந்த ஸ்ப்ரிங் போட்டாலும் அலைன்மென்ட் செய்ய முடியாது. நட்டைத் தளர்த்தி, போல்ட் தலை சுதந்திரமாகத் திரும்புகிறதா என்று பாருங்கள். திரும்பவில்லையென்றால் துரு நீக்கும் எண்ணெயை இன்றிலிருந்தே விட ஆரம்பியுங்கள். அதுவும் பலிக்கவில்லையென்றால் போல்ட், புஷ் இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டிவரும். ஸ்ப்ரிங்கை விட அது பெரிய வேலை.

#7 நாலாம்கியர்

அளவெல்லாம் சரி, கேள்வி அப்படியே நிற்கிறதே. எப்படியும் நான்கும் மாற்றப் போகிறார். அப்படியிருக்க ஏன் பழைய உயரத்துக்கே போக வேண்டும்? இறக்கும் செட்டில் விறைப்பு 20 முதல் 30 சதவீதம் கூடுதலாக இருக்கும், உயரம் குறைந்ததற்கு அது ஈடுகட்டிவிடும். பெயர் பெற்ற நிறுவனங்கள் கணக்குப் போட்டுத்தான் செய்கின்றன.

#8 பின்சக்கரம்

நாலாம்கியர் சொல்லும் அந்த 'ஈடுகட்டிவிடும்' என்ற இடத்தில்தான் எனக்கு ஒப்புதல் இல்லை. கணக்கைப் போட்டே பார்ப்போம்.

வண்டி நிற்கும் நிலையிலிருந்து பம்ப் ஸ்டாப்பை (சக்கரம் மேலே ஏறும் எல்லையில் இருக்கும் ரப்பர் அல்லது நுரைத் தடுப்பு) தொடும் வரை சக்கரம் 50 மி.மீ. மேலே ஏற இடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மேட்டில் ஏறும்போது ஸ்ப்ரிங் உள்வாங்கும் ஆற்றல், விறைப்பில் பாதியை அமுங்கிய தூரத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் கிடைப்பது. கவனியுங்கள், தூரம் அல்ல, தூரத்தின் வர்க்கம். 30 மி.மீ. இறக்கினால் மிஞ்சுவது 20. ஐம்பதின் வர்க்கம் 2500, இருபதின் வர்க்கம் 400. அதே மேட்டை அதே ஆற்றலோடு ஸ்ப்ரிங் மட்டுமே வாங்க வேண்டுமானால் விறைப்பு 6.25 மடங்கு வேண்டும். செட்டில் கிடைப்பதோ 1.3 மடங்கு. மீதியை யார் வாங்குவது? கொஞ்சம் ஷாக், பெரும்பகுதி பம்ப் ஸ்டாப்.

எம்எக்ஸ்-5ல் இது இன்னும் கூர்மையாகத் தெரியும், ஏனென்றால் மேலே ஏறும் இடம் முதலிலேயே குறைவு. இறக்கிய வண்டி வளைவில் சாயவில்லை, இறுக்கமாக இருக்கிறது என்று பலர் மகிழ்வது, உண்மையில் வெளிப்பக்க வீல் பம்ப் ஸ்டாப்பில் உட்கார்ந்துவிட்டதால். உட்கார்ந்த அந்த நொடியில் அந்த மூலையின் விறைப்பு பல மடங்கு எகிறும். நல்ல தரையில் அது சுகமாகத் தெரியும். வளைவின் நடுவில் ஒரு சின்ன மேடு வந்தால் சக்கரம் மேலே போக இடமில்லாமல் தரையை விட்டுத் தாண்டும்.

நான் இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஈரத்தில் ஒரு வளைவின் நடுவில், இறக்கிய என் பழைய வண்டியின் பின்பக்கம் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் விலகியது. யாருக்கும் அடிபடவில்லை. கழற்றிப் பார்த்தபோது பின் ஷாக்குகளின் தண்டில் பம்ப் ஸ்டாப் அடித்து அடித்துப் பளபளப்பான வளையம் விழுந்திருந்தது.

ஸ்ப்ரிங் வாங்குவது என்றால் சக்கரம் போய்வரும் தூரத்தை வாங்குவது. உயரம் அந்தத் தூரத்தின் விலை. என் கருத்து அவ்வளவுதான்.

#9 நாலாம்கியர்

பின்சக்கரம், உங்கள் கணக்கில் பிழை சொல்ல மாட்டேன். ஆனால் பம்ப் ஸ்டாப் என்றாலே சுவர் என்பது போல எழுதுகிறீர்கள். இப்போது வரும் நுரை வகைப் பம்ப் ஸ்டாப் தொட்டவுடன் மென்மையாகத் தொடங்கிப் படிப்படியாகத்தான் இறுகும். அதை இரண்டாவது ஸ்ப்ரிங்காகவே கணக்கில் சேர்க்கலாம், பல தொழிற்சாலை வண்டிகளிலேயே அப்படித்தான். இரண்டாம் தலைமுறை எம்எக்ஸ்-5ன் டாப் மவுண்டை (ஷாக்கின் மேல்முனையைப் பாடியோடு பிடிக்கும் பாகம்) முதல் தலைமுறையில் மாட்டினால் அமுங்கும் தூரம் கூடுதலாகக் கிடைக்கும் என்பதும் இந்த வண்டிக்காரர்களுக்குத் தெரிந்த விஷயம். நான் அப்படித்தான் மாட்டியிருந்தேன். பழைய ஷாக்கும் பழைய பம்ப் ஸ்டாப்பும் வைத்துக்கொண்டு ஸ்ப்ரிங்கை மட்டும் மாற்றுவது தவறு, அதை ஒப்புக்கொள்கிறேன்.

#10 பின்சக்கரம்

நுரை வகை பற்றி நீங்கள் சொல்வது சரி. என்னுடையது பழைய கெட்டி ரப்பர், பாதி பொடிந்து போயிருந்தது. அந்த வித்தியாசத்தை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். அந்த டாப் மவுண்டோடு நல்ல ஷாக்கும் சேர்ந்தால் 30 மி.மீ. இறக்கிய வண்டியும் ஒழுங்காக ஓடும். என் கவலை கரிச்சான் ஓட்டும் சாலை பற்றித்தான். அவருக்கு இப்போதே 'டொக்' கேட்கிறது.

#11 புதுமழை

இடையில் வருவதற்கு மன்னிக்கவும், என்னிடம் வேறு வண்டி. 'படிப்படியாக இறுகும்' ஸ்ப்ரிங் என்று விற்கிறார்களே, சில சுற்றுகள் நெருக்கமாக, சில சுற்றுகள் அகலமாக இருக்கும் வகை. அது இரண்டுக்கும் நடுவில் நல்ல தீர்வு இல்லையா? மென்மையும் கிடைக்கும், இறுக்கமும் கிடைக்கும்.

#12 சுருள்வில்

நல்ல கேள்வி. நெருக்கமான சுற்றுகள் அமுங்கி ஒன்றோடொன்று முட்டியதும் அவை வேலை செய்வதை நிறுத்திவிடும். வேலை செய்யும் சுற்று குறைவதால் மீதி ஸ்ப்ரிங் இறுகும். கேள்வி என்னவென்றால், அவை எப்போது முட்டுகின்றன? வண்டியின் எடையைத் தாங்கி நிற்கும்போதே முட்டிவிட்டன என்றால், ஓடும்போது உங்களுக்குக் கிடைப்பது ஒரே விறைப்புதான். அந்த நெருக்கமான சுற்றுகள் இருப்பது ஜாக்கியில் தூக்கும்போது ஸ்ப்ரிங் இருக்கையை விட்டுக் கழன்றுவிடாமல் இருக்க மட்டுமே. வண்டி தரையில் நிற்கும்போது கீழே குனிந்து பாருங்கள், நெருக்கமான சுற்றுகளுக்கிடையில் இடைவெளி தெரிந்தால்தான் அது உண்மையில் படிப்படியான ஸ்ப்ரிங்.

அப்படி உண்மையாகவே இருந்தால் அமைதியான ஓட்டத்துக்கு நல்லது. எடை குறைந்த ஸ்போர்ட்ஸ் வண்டிக்கு எனக்கு ஒரே விறைப்புள்ளதே பிடிக்கும். ஒரு ஷாக்கை ஒரு விறைப்புக்குத்தான் சரியாகப் பொருத்த முடியும். விறைப்பு நடுவில் மாறினால் ஷாக் ஓரிடத்தில் அதிகமாகவும் இன்னோரிடத்தில் குறைவாகவும் பிடிக்கும்.

#13 கரிச்சான்

கழற்றிவிட்டேன்! பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் ஸ்ப்ரிங்கை அழுத்திப் பிடிக்கும் கம்ப்ரஸரோடு வந்து உதவினார். நான் தனியாகச் செய்யவில்லை.

பின் இடது ஸ்ப்ரிங்கில் ஒரு குறையும் இல்லை. பின் வலதோடு பக்கத்தில் நிறுத்தினால் 2 மி.மீ. வித்தியாசம்தான். முன் இடதுதான்! கீழ் நுனியில் ஏறக்குறைய அரைச் சுற்று ஒடிந்து, இருக்கைக்குள் துருவோடு துருவாகக் கிடந்தது. முன் வலதை விட 19 மி.மீ. குட்டை. மூன்று வருடமாகப் பின் இடதைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். அன்று அந்தப் பட்டறையில் ஒப்புக்கொண்டிருந்தால் ஒடிந்த ஸ்ப்ரிங்கை உள்ளேயே விட்டுவிட்டு மற்ற மூன்றையும் அறுத்திருப்போம் என்பதை நினைத்தால் பகீரென்கிறது.

ஷாக்குகளில் பின் இரண்டிலும் எண்ணெய் கசிந்து காய்ந்திருக்கிறது. முன்னால் ஒன்றைக் கையால் அமுக்கினால் நடுவில் ஒரு இடத்தில் எதிர்ப்பே இல்லை. பம்ப் ஸ்டாப் நான்கில் இரண்டு தூசி உறைக்குள் பொடியாகத்தான் இருந்தன. கேம் போல்ட்டுகளில் ஒன்று மட்டும் ஒட்டியிருந்தது. நான்கு நாள் எண்ணெய் விட்டபின் அதுவும் திரும்பிவிட்டது.

ஆக, வண்டி ஆடியதும் 'டொக்' சத்தமும் ஸ்ப்ரிங்கால் அல்ல. இப்போது அந்த ஸ்ப்ரிங்குகளைச் சுத்தம் செய்து, முலாம் பூசி மறுபடி போடலாமா என்று நண்பர் கேட்கிறார், ஒடிந்ததற்கு மட்டும் பழைய வண்டி ஒன்றிலிருந்து தேடிக்கொண்டு.

#14 சுருள்வில்

வேண்டாம். துருப் பள்ளம் விழுந்த கம்பியில் அடுத்த வெடிப்பு எங்கே வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒடிந்தது ஒன்று என்றால் மற்ற மூன்றும் அதே மழையில் அதே வருடங்கள் ஓடியவை. துத்தநாக முலாமும் பூசாதீர்கள். அமிலத்தில் கழுவி மின்முலாம் பூசும்போது ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்து, கடினமான ஸ்ப்ரிங் எஃகைக் கண்ணாடி போல நொறுங்கச் செய்துவிடும்.

ஒற்றை ஸ்ப்ரிங் மாற்றவும் கூடாது. குறைந்தபட்சம் முன் இரண்டு அல்லது பின் இரண்டு. உங்களுக்கு நான்கும்.

#15 மழைமேகம்

முன் இடது என்று பார்த்ததும் நிம்மதியாக இருந்தது, ஓட்டும்போது அந்த ஒடிந்த நுனி டயரைக் கிழிக்கவில்லையே என்று. ஒடிந்த துண்டு இருக்கைக்குள்ளேயே தங்கியது அதிர்ஷ்டம்.

#16 பின்சக்கரம்

கரிச்சான், இப்போது தேர்வுக்கு வருவோம். விறைப்பை எண்ணாகப் பார்க்காமல் வண்டி நொடிக்கு எத்தனை முறை ஆடும் என்று பாருங்கள், அப்போதுதான் இரண்டு வேறு வண்டிகளை ஒப்பிட முடியும்.

ஓர் எடுத்துக்காட்டு. முன் மூலையில் ஸ்ப்ரிங் தாங்கும் எடை 230 கிலோ, ஸ்ப்ரிங்கின் விறைப்பு மி.மீ.க்கு 28 நியூட்டன் என்று வைப்போம். ஆனால் ஸ்ப்ரிங் சக்கரத்தின் மேல் நேராக உட்காரவில்லை, ஆமின் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. சக்கரம் 10 மி.மீ. ஏறினால் ஸ்ப்ரிங் 7 மி.மீ. தான் அமுங்குகிறது என்றால், 0.7ஐ 0.7ஆல் பெருக்கி, அதை 28ஆல் பெருக்க வேண்டும். சக்கரத்தில் கிடைப்பது 13.7 மட்டுமே. இதை மறந்துவிட்டு, ஸ்ட்ரட் வகை (ஸ்ப்ரிங்கும் ஷாக்கும் ஒன்றாகச் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே நிற்கும் அமைப்பு) வண்டியின் ஸ்ப்ரிங் எண்ணை இந்த வண்டியோடு ஒப்பிட்டு ஏமாறுபவர்கள் நிறைய. ஸ்ட்ரட்டில் அந்த விகிதம் ஒன்றுக்குப் பக்கத்தில் இருக்கும்.

அந்த 13.7க்கும் 230 கிலோவுக்கும் வருவது நொடிக்குச் சுமார் 1.23 ஆட்டம். சாதாரண வண்டிகள் 1 முதல் 1.3 வரை இருக்கும், சாலையில் ஓடும் ஸ்போர்ட்ஸ் வண்டிகள் ஏறக்குறைய 1.3 முதல் 1.7 வரை. விறைப்பை 30 சதவீதம் கூட்டினால் இது 1.4 ஆகும். இரட்டிப்பாக்கினால் 1.74. கோடை விடுமுறைப் பயணத்துக்கு 1.74 கடினம்.

பின்பக்கம் முன்னை விடச் சற்று வேகமாக ஆட வேண்டும். மேட்டில் முன் வீல் முதலில் ஏறுகிறது, பின் வீல் கொஞ்சம் தாமதமாக. பின்பக்க ஆட்டம் சற்று வேகமாக இருந்தால் முன்பக்கத்தை எட்டிப்பிடித்து, வண்டி முன்னும் பின்னும் குலுங்காமல் தட்டையாக அடங்கும். மாரிஸ் ஆலி 1930களில் ஜெனரல் மோட்டார்ஸில் இருந்தபோது கண்டு சொன்ன விதி இது. அதனால் முன்னுக்கு ஒரு நிறுவனம், பின்னுக்கு வேறு நிறுவனம் என்று கலக்காதீர்கள்.

ஷாக் பற்றி ஒரு வரி. விறைப்பு 30 சதவீதம் கூடினால், அதே ஷாக்கின் அடக்கும் திறன் விகிதத்தில் ஏறக்குறைய 12 சதவீதம் குறையும். ஏற்கெனவே தளர்ந்த ஷாக் என்றால் புது ஸ்ப்ரிங் போட்ட பின் வண்டி முன்னை விட அதிகமாக ஆடும்.

#17 நாலாம்கியர்

என் பரிந்துரையைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். சாய்வுதான் பிடிக்கவில்லை என்றால், ஸ்ப்ரிங்கை அசலாக வைத்துவிட்டு முன் ஆன்டி-ரோல் பாரை (இடது வலது சக்கரங்களை இணைத்துச் சாய்வைக் குறைக்கும் கம்பி) தடிமனாக்கலாம். அதன் விறைப்புக் கணக்கில் கம்பியின் தடிமன் நான்கு முறை தன்னோடு தானே பெருக்கிக்கொண்டு வரும். 19 மி.மீ. பாருக்குப் பதில் 22 என்றால் விறைப்பு 80 சதவீதம் கூடும், மேலே ஏறும் தூரத்தில் ஒரு மி.மீ. கூடக் குறையாது. இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறும் மேட்டில் அந்த பார் வேலையே செய்யாது. ஒரு பக்கம் மட்டும் ஏறும் பள்ளத்தில் கொஞ்சம் உதறும். நான் டிராக்குக்கு மாதாமாதம் போனவன், என் தேவை வேறு. என்னுடைய வண்டியை இன்றைக்கும் இறக்கித்தான் ஓட்டுவேன்.

#18 கரிச்சான்

முடிவெடுத்துவிட்டேன். அசல் விறைப்பு, அசல் உயரம், நான்கும் ஒரே நிறுவனத்திடம், லெஸ்யோஃபோர்ஸ். அவற்றோடு கோனியின் மஞ்சள் ஷாக். ஸ்ப்ரிங் திரும்பி எழுவதை அடக்கும் பலத்தை அதில் திருகி மாற்றலாம் என்பதால். பில்ஸ்டீன் பி6ஐயும் யோசித்தேன். அதில் உள்ள வாயு அழுத்தம் வண்டியைச் சில மி.மீ. தூக்கும் என்றும், பி8 என்பது இறக்கிய ஸ்ப்ரிங்குக்கான குட்டை ஷாக் என்றும் படித்தேன். பம்ப் ஸ்டாப், தூசி உறை, டாப் மவுண்ட் ரப்பர் எல்லாம் புதிது. ஆன்டி-ரோல் பார் பற்றி ஓட்டிப் பார்த்தபின் யோசிப்பேன்.

மாட்டும்போது கவனிக்க வேண்டியது ஏதாவது?

#19 மழைமேகம்

மூன்று விஷயம். ஸ்ப்ரிங்கை அழுத்தாமல் ஷாக்கின் நடு நட்டைத் தொடவே கூடாது. அது உயிரைப் பறிக்கும் வேலை. கம்ப்ரஸர் இல்லாத அன்று வேலையைத் தள்ளிப்போடுங்கள். ஸ்ப்ரிங்கின் நுனி இருக்கையின் படியில் முட்டி உட்கார வேண்டும், டாப் மவுண்ட் எந்தத் திசையில் இருந்தது என்று கழற்றும் முன்பே பெயின்ட்டால் குறித்திருக்க வேண்டும்.

மூன்றாவதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். ஆம்களின் புஷ் ரப்பர், உள்ளும் வெளியும் இரும்போடு ஒட்டிய வகை. அது சுழலாது, முறுக்கிக்கொடுக்கும். வண்டி ஜாக்கியில் தொங்கும்போது அந்த போல்ட்டை இறுக்கினால், இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு தானும் ஒரு ஸ்ப்ரிங்காக வண்டியைத் தூக்கும். வெகு சீக்கிரம் கிழிந்தும் போகும். போல்ட்டுகளைக் கையால் மட்டும் பிடித்து விட்டு, வீல் தரையில் இருக்கும்போது, வண்டி தன் எடையில் நிற்கும்போது கடைசியாக இறுக்குங்கள்.

#20 கரிச்சான்

மூன்று வாரம் கழித்து வருகிறேன். மாட்டி முடித்து, மேடையில் நிறுத்தி அளந்தோம். 371, 370, பின்னால் 372, 371. இவ்வளவு உயரமா என்று மனம் சோர்ந்தது. மட்கார்டுக்குள் கை போகும் அளவு இடைவெளி. தவறான ஸ்ப்ரிங் அனுப்பிவிட்டார்களோ என்று பெட்டியில் இருந்த எண்ணையெல்லாம் சரிபார்த்தேன். எல்லாம் சரியாகவே இருந்தன.

பிறகு அக்காவின் பதிவை மறுபடி படித்தேன். கேம் போல்ட்டுகளைத் தளர்த்தியிருந்தோமே, அவற்றை நண்பர் வண்டி தொங்கும்போதே இறுக்கியிருக்கிறார். நான் பக்கத்தில் இருந்தும் கவனிக்கவில்லை. சாய்மேடையில் ஏற்றி, எல்லா ஆம் போல்ட்டுகளையும் தளர்த்தி, வண்டியை நன்றாகக் குலுக்கி, நின்ற நிலையிலேயே இறுக்கினோம். 360, 359, பின்னால் 361, 360. ஸ்ப்ரிங்கைத் தொடாமலே 11 மி.மீ. இறங்கியது.

500 கி.மீ. ஓட்டிய பின் இன்னும் 2 மி.மீ. உட்கார்ந்திருக்கிறது. அதற்குப் பிறகே அலைன்மென்ட் செய்து, ஹெட்லைட் உயரத்தையும் சரிசெய்தோம்.

ஓட்டம் எப்படி என்று சொல்ல வேண்டும். முன்பு இரண்டு மூன்று முறை ஆடிய அதே பள்ளத்தில் இப்போது ஒரே மூச்சில் அடங்குகிறது. வளைவில் சாய்கிறது, ஆம், ஆனால் எவ்வளவு சாயப் போகிறது என்று முன்கூட்டியே தெரிகிறது, அந்த அளவிலேயே நிற்கிறது. வளைவின் நடுவில் ஒட்டுப் போட்ட சாலை வரும் ஓர் இடம் இருக்கிறது. முன்பு அங்கே ஸ்டீயரிங்கை இறுகப் பிடிப்பேன். நேற்று அந்த இடம் போய்விட்டது என்பதையே தாண்டியபின்தான் கவனித்தேன்.

#21 நாலாம்கியர்

மகிழ்ச்சி. கோனியில் எத்தனை திருகு வைத்திருக்கிறீர்கள்?

#22 கரிச்சான்

முன்னும் பின்னும் மிக மென்மையான நிலையிலிருந்து அரைச் சுற்று. முழுச் சுற்று வைத்தபோது சிறு சிறு மேடுகள் அடுத்தடுத்து வரும் இடத்தில், ஸ்ப்ரிங் திரும்பி எழுவதற்குள் அடுத்த மேடு வந்து, வண்டி கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்துகொண்டே போவது போல இருந்தது. அரைச் சுற்றுக்குக் குறைத்ததும் சரியாகிவிட்டது. முன் ஆன்டி-ரோல் பாரை இன்னும் தொடவில்லை, அதன் லிங்க் ரப்பர்கள் மட்டும் அடுத்த வாரம் மாற்றுகிறேன்.